கோரையோடு மல்லுக்கட்டியவர்கள் உண்டா?

மண்வெட்டி:
எங்கள் காய்கறித் தோட்டத்தில் மற்ற களைகள் பெரிய பாடில்லை. ஈரத்தில் பிடுங்கிப் போட்டால் தீர்ந்தது. கோரை அப்படியில்லை. இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். களைக்கொத்தால் கொத்தினால் இன்னும் மோசம். கிழங்குகளைச் சங்கிலியாகக் கோத்திருக்கும் வேர்த்தண்டு அறுந்துபோய், அதுவரை உறங்கிய கிழங்கும் தனியாக முளைவிடும்.

கடைசியில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தோம், பயிர் இல்லாத இடைவெளியில்தான். பச்சையாக எது இருந்தாலும் அது விட்டுவைக்காது! இலை வழியாக இறங்கிக் கிழங்குவரை போக வேண்டிய மருந்து என்பதால், கோரை நன்றாகத் தழைத்திருக்கும்போது அடித்தால்தான் வேலை செய்யும். உழுத கையோடு அடிப்பது வீண், மருந்தை வாங்கிக்கொள்ள இலையே இருக்காது. கலக்கும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். கலங்கல் நீரில் மருந்து மண்துகளோடு ஒட்டிக்கொள்ளும், சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரிலும் வீரியம் குறையும். அடித்த மறுநாளே காட்டைப் போய்ப் பார்த்து "ஒன்றும் ஆகவில்லையே" என்று இன்னொரு டேங்க் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பொறுங்கள், மஞ்சளாகவே சில நாள் பிடிக்கும். முளைக்காத கிழங்குக்கு மருந்து போய்ச் சேராது, அதனால் அடுத்த மழைக்குக் கொஞ்சம் தலைகாட்டத்தான் செய்தது. ஆனால் பழைய அடர்த்தி இல்லை.

உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் இதை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் சேர்த்தது. அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் அந்த முடிவோடு ஒத்துப்போகவில்லை. அவர்கள் சண்டை எப்படி முடிந்தாலும் சரி, கையுறை, முகக்கவசம் இல்லாமல் நான் டேங்க்கைத் தொடுவதில்லை.

வைக்கோல்:
அண்ணா, நான் மருந்து பக்கம் போகாத ஆள். மண்ணை வைக்கோல் மாதிரி எதையாவது போட்டு மூடிவைக்கிற மூடாக்குதான் என் வழி. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், கோரைக்கு அது சரிப்படவில்லை. ஊசி மாதிரி குருத்து வைக்கோலைத் தாண்டி வந்தது, பிளாஸ்டிக் தாளையும் குத்திக்கொண்டு வந்தது. விதையிலிருந்து முளைக்கிற பொடிக் களைகளுக்கு மட்டும் மூடாக்கு அருமை, கையகலத் தடிமன் போட்டால் வெளிச்சம் கிடைக்காமல் அடங்கிவிடும்.

கோரைக்கு நிழல் ஆகாது. அதனால் அந்தப் பகுதியில் தட்டைப்பயறு மாதிரி சீக்கிரம் படர்ந்து மூடுகிற பயிரை நெருக்கமாக விதைத்தேன். ஒழியவில்லை, ஆனால் நோஞ்சானாகிவிட்டது. புதுக் கிழங்கு கட்டுமுன் விடாமல் வெட்டிக்கொண்டே வருவதும் உதவியது. ஆள் கிடைக்கிற வீட்டுக்குத்தான் அது சாத்தியம்.

மற்ற பாத்திகளில் இன்னொன்று செய்கிறேன். பாத்தி கட்டி, விதைக்காமலேயே தண்ணீர் விடுவது. களை எல்லாம் முளைத்ததும் மேலாகச் சுரண்டிவிட்டு அப்புறம் விதைப்பது. ஆழமாகக் கிளறக் கூடாது, கீழே கிடக்கும் விதை மேலே வந்துவிட்டால் பட்ட பாடு வீண்.

ஓரக்கால்:
நான் இரண்டு பக்கமும் இல்லை, நடுவில் மாட்டியவன். பக்கத்து மக்காச்சோளத்துக்கு 2,4-டி என்ற களைக்கொல்லி அடித்தார்கள், காற்று எங்கள் தக்காளி பக்கம். கொஞ்ச நாளில் கொழுந்து இலைகள் முறுக்கிக்கொண்டு, காம்பு வளைந்து தொங்கின. வைரஸ் என்று நினைத்துச் செடிகளைப் பிடுங்கவே கிளம்பிவிட்டார்கள் வீட்டில். வரப்போரத்தில் இருந்த அகன்ற இலைக் களைகளும் அதே மாதிரி முறுக்கியிருந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. புல்வகைப் பயிரை அதிகம் தொடாமல் அகன்ற இலைச் செடிகளைத் தாக்குகிற மருந்து அது, தக்காளிக்குத் துளி பட்டாலே போதும்.

இப்போது பேசி வைத்திருக்கிறோம். காற்று அவர்கள் பக்கம் வீசும்போது மட்டும் அடிப்பார்கள், பொடிச்சாரலாக வராத நாசில், தாழ்வாகப் பிடித்து. களைக்கொல்லிக்கு என்று தனி டேங்க் வைத்துக்கொள்ளுங்கள். கழுவிய டேங்க்கில் பூச்சி மருந்து அடித்தும் கத்தரி சுருண்ட கதை எங்களிடம் தனியாக இருக்கிறது. மண்வெட்டி அண்ணா, நீங்கள் அடித்த பிறகு எவ்வளவு நாள் விட்டு நாற்று நட்டீர்கள்?