‘ஸ்கிரீன்ஸ் பாசேஜ்’: தமிழில் எப்படி?

> ‘திரைவழி’ என்றே வைத்துவிடலாமே, சுருக்கமாக இருக்கிறது. ‘பட்டரி’க்கு ‘வெண்ணெய் அறை’ பொருந்துமா?

ஐயா, வணக்கம். இடைக்கால இங்கிலாந்துப் பிரபுக்களின் மாளிகைப் பெருங்கூடத்தில் தட்டி வைத்து மறைத்த நடைதான் ‘ஸ்கிரீன்ஸ் பாசேஜ்’; அதையொட்டிய அறைகளில் ஒன்று ‘பட்டரி’.

‘திரைவழி’ வேண்டாம் என்பேன். திரை என்றதும் துணிதான் மனத்தில் விழும். இங்கே நிற்பது ஆள் உயரத்தைத் தாண்டிய மரத்தட்டி. கென்ட் பகுதியிலுள்ள பென்ஸ்ஹர்ஸ்ட் பிளேஸையே பாருங்கள். லண்டன் மேயராக நான்கு முறை இருந்த வணிகர் ஜான் டி புல்ட்னி 1341 வாக்கில் எழுப்பிய பெருங்கூடம். எண்கோணக் கணப்பு இன்றும் தரை நடுவில்தான் இருக்கிறது. சுவரோரப் புகைபோக்கி கிடையாது; புகை கூரை வழியாகத்தான் வெளியேற வேண்டும். இந்த வகைக் கூடங்களின் கீழ்க்கோடியில் எதிரெதிராக இரண்டு வாசல்கள் இருக்கும். திறந்தால் ஊதல்காற்று நேரே உள்ளே பாயும். அதை மறிக்கத்தான் தட்டி. ஏவலாட்கள் தட்டும் குவளையுமாக அலைவதும் மேடையில் அமர்ந்து உண்ணும் பிரபுவின் கண்ணில் படாது.

தட்டிக்கும் கோடிச்சுவருக்கும் நடுவிலுள்ள நடைக்குத்தான் பெயர் தேடுகிறோம். என் பரிந்துரை: இடைகழி. ரேழி என்று பேச்சில் தேய்ந்துபோன அதே சொல்தான். திருக்கோவலூரில் முதலாழ்வார் மூவரும் நெருக்கியடித்து நின்ற இடம்.

> ரேழி தெருவிலிருந்து நேரே உள்ளே போகும். இது கூடத்துக்குக் குறுக்கே ஓடுகிறதே?

உண்மைதான். ஆனால் வெளிவாசலுக்கும் கூடத்துக்கும் இடையில் நின்று இரண்டையும் பிரிக்கும் வேலை ஒன்றே. திசை வேறு என்பதற்காக நல்ல சொல்லைக் கைவிட மனமில்லை. குழப்பம் வருமென்றால் ‘தட்டி இடைகழி’ என்று நீட்டிக்கொள்ளலாம்.

பட்டரிக்கும் வெண்ணெய்க்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை! பட் என்றால் பீப்பாய். ஏல் என்னும் மதுவை வைத்த அறை. ‘பீப்பாய் அறை’ போதும். அதன் பக்கத்து அறையான ‘பேன்ட்ரி’, ரொட்டி என்ற பொருளிலிருந்து வந்த பெயர். நம் ரயில்வே அதைச் சமையல் பெட்டியாக்கிவிட்டதால் ‘ரொட்டியறை’ என்று விளக்கமாகவே சொல்வது நல்லது. கோடிச்சுவரில் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வாசல் ஒன்று, தீக்கு அஞ்சித் தள்ளிக் கட்டிய அடுக்களைக்குப் போகும். அதற்குத் தனிச்சொல் தேவையில்லை.

‘சோலார்’ அறையை இத்துடன் கலக்க வேண்டாம். ‘சூரிய அறை’ என்று ஏற்கெனவே ஒருவர் எழுதிவிட்டார். படிப்பவர் கூரையில் மின்தகடு தேடுவார். மாடியில் பிரபு குடும்பம் ஒதுங்கும் அறை அது. தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.