முட்டைக் காலத்தில் நி-ஓலெசுண்ட்

நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் இந்தத் திரியில் பனிக்கரடியைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். நான் ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவையைப் பற்றிச் சொல்கிறேன்.

79 டிகிரி வடக்கில், கொங்ஸ்ஃபியோர்டு என்ற, நிலத்துக்குள் நீண்டு நுழையும் கடலின் கரையில் இருக்கிறது நி-ஓலெசுண்ட். முன்பு நிலக்கரி ஊர். 1962-ல் நடந்த சுரங்க விபத்தில் 21 பேர் இறந்த பிறகு தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது இந்தியாவின் ஹிமாத்ரி உட்படப் பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் அங்கே இருக்கின்றன. குளிர்காலத்தில் தங்குகிறவர்கள் 30, 40 பேர்தான். வானத்தின் சமிக்ஞைகளைக் கேட்கும் ஆண்டெனா இருப்பதால் வைஃபை, புளூடூத் எதையும் போடக் கூடாது. கோடையில் காதில் விழுவதெல்லாம் பறவைச் சத்தம்தான்.

நான் போன சமயத்தில் ஆலாக்கள் தெருவோரச் சரளையிலேயே முட்டையிட்டிருந்தன. கூடு என்று ஒன்றும் கிடையாது. கல்லுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம், அதில் கரும்புள்ளி போட்ட இரண்டு முட்டைகள். குனிந்து பார்த்தால்கூடக் கல் எது, முட்டை எது என்று சட்டென்று பிடிபடாது. ஊருக்கே ஒரு சாப்பாட்டுக் கூடம்தான். அதற்குப் போகிற வழியில் கிறீச்சென்று கத்திக்கொண்டு தலையை நோக்கிப் பாயும், கொத்தினால் ரத்தம் வரும். எது உயரமாக இருக்கிறதோ அதைத்தான் தாக்கும் என்பதால், அங்கிருப்பவர்கள் ஒரு குச்சியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். யாரும் விரட்டுவதில்லை. அண்டார்டிக் வரை போய்த் திரும்பிவந்த பறவைக்கு வழிவிட்டு மனிதர்கள் ஒதுங்கிப் போவதை அங்கேதான் பார்த்தேன். எனக்கு அந்த ஊர் பிடித்துப்போனதே அதனால்தான்.

*

மேலே ஆலாவைப் பற்றி எழுதியவருக்கு: நானும் அதே ஃபியோர்டுக்குப் போயிருக்கிறேன். ஆனால் நான் பார்த்த முட்டைக் கதை வேறு.

கரடி வந்தால் யாரும் எந்தக் கட்டடத்திலும் ஓடிப் புகுந்துகொள்ளட்டும் என்று நி-ஓலெசுண்டில் கதவுகளைப் பூட்டுவதில்லை. சரி, ஊருக்குள் அப்படி. ஃபியோர்டுக்குள் லோவன் தீவுகள் என்று சின்னச் சின்னத் திட்டுகள் உண்டு. ஈடர் வாத்துகளும் பார்னக்கிள் வாத்துகளும் அடைகாக்கும் இடம். பறவைச் சரணாலயம் என்பதால் அடைகாக்கும் பருவத்தில் மனிதர்கள் கால் வைக்கவே கூடாது. படகிலிருந்து பைனாகுலரில் பார்த்தபோது ஒரு திட்டில் கரடி நின்றது. அவசரமே இல்லாமல் கூடு கூடாகப் போய், மூக்கை நுழைத்து, முட்டைகளை நக்கித் தின்றது. எழுந்து பறந்த வாத்துகள் தண்ணீரில் இறங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தன. முட்டையோடு ஒட்டியிருந்த இறகுத்தூவி கரடியின் முகவாயெல்லாம் அப்பியிருந்தது.

எனக்குக் கரடிமேல் கோபம் வரவில்லை. அது கடற்பனிமேல் காத்திருந்து சீல் பிடிக்கும் பிராணி. 2006-க்குப் பிறகு இந்த ஃபியோர்டு குளிர்காலத்தில் முன்போல உறைவதில்லை. பனி இல்லாவிட்டால் அது கரையோரம்தான் இரை தேட வேண்டும். ஒரு கரடி வந்தால் ஒரு திட்டின் அந்த வருடக் குஞ்சுகள் அவ்வளவுதான்.

2006-க்கு முன்பு மார்ச், ஏப்ரல் மாதங்களில் கொங்ஸ்ஃபியோர்டைப் பார்த்தவர்கள் இங்கே யாராவது இருந்தால், பனி எதுவரை இருந்தது, அதன்மேல் நடந்தீர்களா என்று எழுதுங்கள். பழைய படம் இருந்தால் அதையும் போடுங்கள்.