எம்ஜிபி முன்பக்கம் ரொம்பத் தாழ்ந்து நிற்கிறது, ஸ்ப்ரிங் ஸ்பேசர் எவ்வளவு தடிமன் போடலாம்?

முன்சக்கரம்:
வணக்கம். என்னிடம் இருப்பது 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது பழைய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார், குரோம் பம்பர் வண்டி. முந்தைய உரிமையாளர் முன்னால் தாழ்த்தும் ஸ்ப்ரிங் போட்டுத்தான் கொடுத்தார். நிற்கும்போது பார்க்க அழகுதான், ஆனால் வேகத்தடை வந்தாலே அடியில் உரசுகிறது, கொஞ்சம் ஆழமான பள்ளம் என்றால் பம்ப் ஸ்டாப்பில் (சக்கரம் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) போய் டங்கென்று இடிக்கிறது, ஸ்டீயரிங் வரைக்கும் அந்த அடி தெரிகிறது. இன்னொரு தொல்லை, இடது முன்பக்கம் வலதைவிட 14 மி.மீ. தாழ்வு. சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தேன்.

எனக்கு முன்பக்கம் மொத்தமும் 15 மி.மீ. உயர்ந்தால் போதும். புது ஸ்ப்ரிங் வாங்காமல், ஸ்ப்ரிங்கின் மேல் முனை உட்காரும் சீட்டில் அலுமினிய ஸ்பேசர் (இடைவளையம்) வைத்துச் சமாளிக்கலாம் என்று எண்ணம். வலதில் 15, இடதில் 29 மி.மீ. என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். சரிதானா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

கிரீஸ்கை:
நண்பரே, லேத்துக்காரரிடம் இன்னும் கொடுக்கவில்லையே? நல்லவேளை. இந்த வண்டியில் 15 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் மூக்கு கிட்டத்தட்ட 30 மி.மீ. தூக்கிக்கொள்ளும். 29 வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

காரணம் இதுதான். ஸ்ப்ரிங் சக்கரத்துக்கு நேர்மேலே இல்லை, கீழ் விஷ்போனின் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கை) நடுவில் பான் என்ற தட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. விஷ்போன் உள்பக்க போல்ட்டில் திரும்புகிறது, சக்கரம் வெளி நுனியில் தொங்குகிறது. நடுவில் 1 மி.மீ. நகர்ந்தால் நுனியில் ஏறக்குறைய 2 மி.மீ. நகரும். என் பேச்சை நம்ப வேண்டாம், டேப் எடுத்து வண்டிக்கு அடியில் நீங்களே அளங்கள்: உள் போல்ட் மையத்திலிருந்து ஸ்ப்ரிங் மையம் வரை ஒரு அளவு, அதே போல்ட்டிலிருந்து வெளிப்பக்கம் கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சு) அடி போல்ட் வரை இன்னொரு அளவு. முதலாவதை இரண்டாவதால் வகுத்து, வேண்டிய உயரத்தோடு பெருக்கினால் ஸ்பேசர் தடிமன் வந்துவிடும். இன்றைய பல கார்களில் இருக்கும் மேக்பெர்சன் ஸ்ட்ரட் வகையில் ஸ்ப்ரிங் சக்கரத்தை ஒட்டியே இருப்பதால் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று, அங்கே பார்த்த கணக்கை இங்கே கொண்டுவந்தால் உதைக்கும்.

பழைய இரும்பு:
ஸ்பேசரே வேண்டாம் என்பேன். ஸ்பேசர் வைத்தால் ஸ்ப்ரிங் இறுகிப்போய் வண்டி கட்டை மாதிரி ஆகிவிடும். ஒழுங்கான ஸ்ப்ரிங் வாங்கிப் போடுங்கள், ஒரே வேலையாக முடியும்.

கிரீஸ்கை:
ஒழுங்கான ஸ்ப்ரிங்தான் நல்லது என்பதில் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் இறுகிவிடும் என்பது தவறு அண்ணா. முன்சக்கரத்தின் மேல் விழும் எடை மாறவில்லை, ஸ்ப்ரிங்கும் அதே ஸ்ப்ரிங். அப்படியென்றால் அது அமுங்கி நிற்கும் நீளமும் அதேதான், உட்காரும் இடம் மட்டும் ஸ்பேசர் அளவுக்குக் கீழே இறங்குகிறது. இறுக்கம் கூடுவது வேறு வகையில்: சுருளுக்கு நடுவே திருகிச் செருகுகிறார்களே அந்த ரப்பர் கட்டை, அது ஒரு சுருளை வேலை செய்யவிடாமல் தடுத்துவிடும், வேலை செய்யும் சுருள் குறைந்தால் ஸ்ப்ரிங் இறுகும். அதை மட்டும் யாரும் போடாதீர்கள், ஒரு பக்கம் நழுவி விழுந்தால் வளைவில் வண்டி வேறு வண்டியாகிவிடும்.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. பம்ப் ஸ்டாப் தொடும் இடம் மாறாது, ஆனால் அந்த இடத்தில் ஸ்ப்ரிங்குக்குக் கிடைக்கும் இடைவெளி ஸ்பேசர் அளவுக்குக் குறைகிறது. சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிவிட்டால் அது ஸ்ப்ரிங் இல்லை, இரும்புக் குழாய். ஸ்ப்ரிங்கைக் கழற்றியிருக்கும்போது ஜாக்கியால் கீழ் விஷ்போனை பம்ப் ஸ்டாப் தொடும்வரை மெல்லத் தூக்கி, மேல் சீட்டுக்கும் பானுக்கும் இடையே அளந்துகொள்ளுங்கள். அதில் ஸ்பேசர் தடிமனைக் கழியுங்கள். மீதி, கம்பி விட்டத்தைச் சுருள் எண்ணிக்கையால் பெருக்கி வருவதைவிடத் தாராளமாக அதிகம் இருக்க வேண்டும், ஏனென்றால் பம்ப் ஸ்டாப் ரப்பரும் அமுங்கும்.

முன்சக்கரம்:
அளந்தேன், விகிதம் பாதிக்கு ஒட்டித்தான் வருகிறது. அப்போ 15 மி.மீ. உயர 8 மி.மீ. ஸ்பேசர். இடதுக்குக் கூடுதலாக 7 சேர்த்து 15 போட்டால் இரண்டும் சமமாகிவிடுமா?

இரட்டைக்கொம்பு:
குறுக்கே வருகிறேன். இடது தாழ்வுக்கு முன் ஸ்ப்ரிங்தான் காரணம் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? இந்த வண்டிக்குப் பின்னால் பட்டை ஸ்ப்ரிங், ஐம்பது வயது. பட்டை தொய்ந்தால் அந்தப் பக்கம் முழுவதும் சாயும், முன்னாலும் சேர்ந்து சாயும், ஏனென்றால் பாடி ஒரே துண்டு. ஒரு கால் குட்டையான நாற்காலியில் எந்தக் கால் குட்டை என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியுமா? அதே கதைதான். பின்னால் இருக்கும் கோளாறுக்கு முன்னால் ஸ்பேசர் வைத்தால் பார்வைக்கு நிமிர்ந்துவிடும், ஆனால் இடது முன்னும் வலது பின்னும் எடையை அதிகம் தாங்கும், மற்ற இரண்டு மூலையும் லேசாகிவிடும். ஈர ரோட்டில் பிரேக் அடித்தால் ஒரு பக்கம் இழுப்பது அப்போதுதான்.

சோதிக்க வழி சுலபம். நாலு டயரிலும் காற்று சரியாக வையுங்கள், ஓட்டுநர் சீட்டில் உங்கள் எடைக்கு ஏதாவது வையுங்கள், தளம் மட்டமா என்று பாருங்கள். முன்னால் ஆன்டி ரோல் பார் (வளைவில் சாயாமல் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கம்பி) இருந்தால் ஒரு பக்க லிங்க்கைக் கழற்றிவிடுங்கள், அது முறுக்கிக்கொண்டு நின்றால் அளவு பொய் சொல்லும். பிறகு பின் ஆக்சிலின் நடுவில், டிஃப்பரன்ஷியல் குண்டுக்குக் கீழே ஜாக்கி வைத்து, பின் டயர்கள் தரையை விட்டு ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். இப்போது பின்பக்கம் ஒற்றைப் புள்ளியில் நிற்கிறது, இடம் வலமாக எதையும் பிடித்து வைக்காது. முன்பக்கத்தை இரண்டு தடவை அமுக்கி விட்டு மறுபடி அளங்கள். மிச்சம் இருக்கும் வித்தியாசம்தான் முன் ஸ்ப்ரிங்குடையது. ஜாக்கியில் நிற்கும்போது யாரும் அடியில் போக வேண்டாம்.

மட்கார்டு விளிம்பையும் நம்பாதீர்கள். ஐம்பது வருடத்தில் எத்தனை பேர் அந்த மட்கார்டைத் தட்டி நிமிர்த்தியிருப்பார்களோ. கீழ் விஷ்போனின் உள் போல்ட் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று இரண்டு பக்கமும் பாருங்கள், அது சேசிஸோடு ஒட்டிய இடம்.

முன்சக்கரம்:
அப்படியே செய்தேன். உள் போல்ட்டில் அளந்தால் வித்தியாசம் 14 இல்லை, 11 தான். பின்னால் நடுவில் ஜாக்கி வைத்ததும் அது 2 மி.மீ. ஆகிவிட்டது! அப்படியானால் பின்னால் இடது பட்டைதானே குற்றவாளி?

இரட்டைக்கொம்பு:
அவரேதான். 11-இல் 9 பின்னாலிருந்து வருகிறது, 2 மி.மீ. எல்லாம் பழைய வண்டியில் கணக்கிலேயே சேராது. முன்னால் இரண்டு பக்கமும் ஒரே தடிமன் ஸ்பேசர் போடுங்கள்.

பழைய இரும்பு:
சரி, ஸ்பேசர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். 1974 கடைசியில் வந்த ரப்பர் பம்பர் வண்டிகளை அமெரிக்க விதிகளுக்காக உயரமாகத் தூக்கிவிட்டார்கள். அந்த வண்டிகளை பழைய உயரத்துக்கு இறக்கவே தனியாகத் தாழ்த்தும் ஸ்ப்ரிங் விற்கிறார்கள். அதை யாராவது உங்கள் 72-இல் மாட்டியிருந்தால் இப்படித்தான் தரையைத் தடவும். கழற்றும்போது முழு நீளம், கம்பி விட்டம், சுருள் எண்ணிக்கை மூன்றையும் எழுதி வையுங்கள், பட்டியலில் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தவறான ஸ்ப்ரிங் என்றால் ஸ்பேசர் ஒட்டுப்போட்ட வேலைதான், எப்போதாவது மாற்றத்தான் வேண்டும்.

லேத்து:
ஸ்பேசர் கடையப் போகிறவர்கள் கவனத்துக்கு. அலுமினியமோ அடர்த்தியான நைலானோ, இரண்டும் ஓடும். ரப்பர் என்றால் எடை விழுந்ததும் அமுங்கிவிடும், 8 மி.மீ. கேட்டவனுக்கு 5 தான் கிடைக்கும், அதுவும் வருடம் போகப் போகக் குறையும். வாஷரை அடுக்கி வைப்பது வேண்டவே வேண்டாம். முழு வளையமாக இருக்க வேண்டும், ஸ்ப்ரிங்கின் உள்விட்டத்தில் நுழையும் மாதிரி ஒரு உதடு விட்டுக் கடையுங்கள், இல்லையென்றால் சக்கரம் தொங்கும்போது ஸ்ப்ரிங் பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி கோணலாக உட்காரும். ஸ்ப்ரிங் முனை தட்டையாகத் தேய்த்ததா, கம்பியை அப்படியே வெட்டி வால் விட்டதா என்றும் பார்க்க வேண்டும். வால் விட்டதென்றால் தட்டை ஸ்பேசரில் ஒரே இடத்தில்தான் பாரம் விழும், அதற்கேற்ற படி வெட்ட வேண்டும். விளிம்புகளை எல்லாம் மழுக்கிவிடுங்கள், கூர்மையான ஓரம் ஸ்ப்ரிங் பெயின்ட்டைக் கீறினால் அங்கே துரு பிடித்து, அங்கேதான் ஒருநாள் முறியும்.

முன்சக்கரம்:
முனை தட்டைதான். ஸ்ப்ரிங்கை வெளியே எடுக்க எளிய வழி என்ன? கம்ப்ரஸர் நுழைய இடமே இல்லை.

கிரீஸ்கை:
சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு, சக்கரம் கழற்றி, ஸ்ப்ரிங் பானுக்குக் கீழே ட்ராலி ஜாக்கி கொடுத்து லேசாகத் தாங்கிக்கொள்ளுங்கள். இந்த வண்டியில் ஷாக் அப்சார்பரின் கைதான் மேல் ஆர்ம். அதையும் கிங்பின்னையும் இணைக்கும் மேல் போல்ட்டை எடுத்துவிட்டு, ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) கம்பியால் கட்டித் தொங்க விடுங்கள், பிரேக் ஹோஸ் அதன் எடையைத் தாங்கக் கூடாது. அப்புறம் ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்கினால் விஷ்போன் சாய்ந்து ஸ்ப்ரிங் தளர்ந்துவிடும். ஜாக்கி இறங்கும்வரை ஸ்ப்ரிங்கைச் சுற்றி ஒரு சங்கிலி சேசிஸோடு கட்டியிருக்கட்டும். முகத்தை அதன் நேருக்கு நேர் கொண்டுபோகாதீர்கள், தாழ்த்தும் ஸ்ப்ரிங் என்பதால் தெறிக்காது என்று நினைத்தவர்கள் இருக்கிறார்கள்.

முன்சக்கரம்:
வேலை முடிந்தது. கம்பி விட்டம் பெருக்கல் சுருள் கணக்குப் பார்த்தேன், 8 மி.மீ. வைத்த பிறகும் நல்ல இடைவெளி இருக்கிறது. ஆனால் இறக்கி வைத்து அளந்தால் முன்பக்கம் 28 மி.மீ. உயர்ந்து நிற்கிறது! கணக்கு எங்கே உதைக்கிறது?

கிரீஸ்கை:
எங்கும் உதைக்கவில்லை. ஜாக்கியிலிருந்து இறக்கும்போது டயர்கள் உள்ளே இழுத்துக்கொண்டு தரையைப் பிடித்து நிற்கும், வண்டி உயரமாகவே தெரியும். முன்னும் பின்னும் ஒரு வண்டி நீளம் தள்ளி, அமுக்கிவிட்டு அளங்கள். அதோடு விஷ்போன் உள் புஷ் (போல்ட்டைச் சுற்றியிருக்கும் உறை) என்ன வகை? வி8 புஷ் என்றால் ரப்பர் இரும்புக் குழாயோடு ஒட்டியது, சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கியிருந்தால் ரப்பர் முறுக்கிக்கொண்டு அதுவே வண்டியைத் தூக்கிப் பிடிக்கும், சீக்கிரம் கிழியவும் செய்யும். போல்ட்டைத் தளர்த்தி, வண்டியின் முழு எடை சக்கரத்தில் நிற்கும்போது இறுக்குங்கள். பாலியூரிதேன் புஷ்ஷுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது சுழலும்.

முன்சக்கரம்:
வி8 புஷ்தான். தளர்த்தி, உருட்டி, எடையில் இறுக்கிய பிறகு 16 மி.மீ. இன்று அதே வேகத்தடையில் ஏறி இறங்கினேன், சத்தமே இல்லை. காஸ்டர் (திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்த கோணம்) மாறியிருக்குமா? ஸ்டீயரிங் ஒரு பொடி கனமான மாதிரி தோன்றுகிறது, மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

இரட்டைக்கொம்பு:
வீல்பேஸ் 2311 மி.மீ., மூக்கு 16 மி.மீ. உயர்ந்தால் வண்டி பின்னோக்கிச் சாய்வது 0.4 பாகை. ஏற்கெனவே 7 பாகை காஸ்டர் வைத்த வண்டியில் அது கைக்குத் தெரியாது. டோ (முன்சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே பார்க்கும் அளவு) மாறியிருக்கலாம், அதைத்தான் கை உணர்கிறதோ என்னவோ. அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள், ஹெட்லைட்டும் கொஞ்சம் மேலே பார்த்துக்கொண்டிருக்கும், அதையும் இறக்குங்கள். அப்புறம் கழற்றிய ஆன்டி ரோல் பார் லிங்க்கை மாட்டினீர்களா?

முன்சக்கரம்:
மாட்டிவிட்டேன். பின்னால் இடது பட்டை மட்டும் வாங்கினால் போதுமா?

பழைய இரும்பு:
இரண்டும் வாங்குங்கள். புதுசும் பழசும் ஜோடி சேராது, மறுபடி ஒரு பக்கம் சாய்ந்து இதே இழைக்கு வருவீர்கள். பட்டை மாற்றிய பிறகு பின்பக்க உயரமே வேறாகும், முன்னால் 16 மி.மீ. சரிதானா என்று அப்போது அளந்து பாருங்கள்.