வீட்டு கேம் சர்வர்: போர்ட் திறந்தும் நண்பர்களால் உள்ளே வர முடியாத அனுபவங்கள்

வீட்டில் ஒரு பழைய கணினியில் மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் ஓட்டுகிறேன். வீட்டுக்குள் எல்லாரும் விளையாட முடிந்தது, வெளியிலிருந்து ஒருவராலும் முடியவில்லை. ரவுட்டரில் 25565 போர்ட்டை (சர்வர் இணைப்புக்காகக் காத்திருக்கும் கதவு எண்) சர்வரின் உள் முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தேன், டிசிபி என்ற இணைப்பு முறை தேர்வாகியிருந்தது, ஃபயர்வாலிலும் அனுமதி இருந்தது. ஆனாலும் நண்பர்களின் திரையில் "கனெக்‌ஷன் டைம்டு அவுட்" மட்டும்தான்.

இந்தக் கட்டத்தில் பலரும் ரவுட்டர் விதியை அழித்து அழித்து எழுதுகிறார்கள். அதற்கு முன்னால், நண்பர் அனுப்பும் பாக்கெட் (தரவுத் துண்டு) எதுவரை வந்து நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள் என்றுதான் சொல்வேன். பிழைச் செய்தியே பாதி சொல்லிவிடும். "ரெஃப்யூஸ்டு" என்று உடனே வந்தால், கோரிக்கை பெரும்பாலும் ஏதோ ஒரு கருவி வரை போய்விட்டது, அங்கே அந்தப் போர்ட்டில் எதுவும் ஓடவில்லை. நெடுநேரம் காத்திருந்து டைம் அவுட் ஆனால், வழியில் எங்கோ தொலைந்துபோகிறது.

என் சர்வர் லினக்ஸில் ஓடுகிறது. அதில் வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியைப் போட்டுவிட்டு, ஒரு நண்பரை இணையச் சொன்னேன். ஒரு வரிகூட வரவில்லை. ஃபயர்வால் தடுப்பதற்கு முன்பே உள்ளே வருவதை அது காட்டிவிடும் என்பதால், சிக்கல் இந்தக் கணினியில் இல்லை என்பது உறுதியானது. அடுத்து ரவுட்டரின் நிலைப் பக்கம். அங்கே வெளிப்பக்க முகவரி 100.72 என்று தொடங்கியது. உலாவியில் என் ஐபியைத் தேடினால் முற்றிலும் வேறு எண். விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

100.64.0.0 முதல் 100.127.255.255 வரை உள்ள முகவரிகள் 2012-ல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஐபிவி4 என்ற பழைய வகை இணைய முகவரிகள் போதாததால், இணைப்பு தரும் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. சிஜிநாட் என்பது இதுதான். வெளியிலிருந்து வரும் கோரிக்கை எந்த வீட்டுக்கு என்று அந்த நிறுவனத்தின் கருவிக்குத் தெரியாது, அதனால் அங்கேயே கைவிட்டுவிடும். நம் ரவுட்டருக்கு அப்படியொன்று வந்த சங்கதியே தெரியாது. பிறகு அதில் என்ன விதி எழுதி என்ன பயன்?

வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினால் முதலில் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். "என் இணைப்பு சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறதா? எனக்கென்று பொது ஐபி வேண்டும்" என்று நேராகக் கேட்ட பிறகுதான் விஷயம் நகர்ந்தது. முகவரி மாறி வந்ததும், ஏற்கெனவே எழுதியிருந்த அதே விதி எந்த மாற்றமும் இல்லாமல் வேலை செய்தது.

* * *

எனக்கும் ஏறக்குறைய இதே கதைதான், ஆனால் என் ரவுட்டரில் தெரிந்த வெளி முகவரி 192.168 என்று இருந்தது. அப்படியென்றால் நிறுவனம் வைத்துப்போன மோடமும் ஒரு ரவுட்டராக வேலை செய்கிறது, நம்முடையது அதற்குள் இரண்டாவது. மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் முறை) மாற்றியதும் தீர்ந்தது. மாற்ற வழியில்லாதவர்கள், மோடத்திலிருந்து ரவுட்டருக்கு ஒரு விதி, ரவுட்டரிலிருந்து சர்வருக்கு ஒரு விதி என்று இரண்டு இடத்திலும் எழுத வேண்டும்.

அப்புறம் சோதிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே பொது முகவரியைப் போட்டுப் பார்த்தால், சில ரவுட்டர்கள் அதை உள்ளே திருப்பி அனுப்பாது. நண்பர்கள் நிம்மதியாக விளையாடிக்கொண்டிருப்பார்கள், நமக்கு மட்டும் வேலை செய்யாதது போலத் தெரியும். போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

* * *

போர்ட் சோதிக்கும் இணையதளங்களை நம்பி நான் வீணாக அலைந்தேன், அதனால் இதைப் பதிவு செய்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை டிசிபியை மட்டுமே சோதிக்கும். மைன்கிராஃப்ட் பெட்ராக் 19132-ல் யுடிபி என்ற வேறு முறை வழியாகப் பேசுகிறது, வால்ஹெய்ம் கேம் 2456-ல் தொடங்கி அதுவும் யுடிபி. சர்வர் நன்றாக ஓடும்போதும் அந்தத் தளம் "மூடியிருக்கிறது" என்றே சொல்லும். இன்னொன்று, சர்வர் ஓடாத நேரத்தில் சோதித்தால் டிசிபி போர்ட்டும் மூடியதாகத்தான் தெரியும். கேட்பதற்கு ஆள் இருந்தால்தானே பதில் வரும்.

சில வாரம் ஒழுங்காக ஓடி, மின்சாரம் போய் வந்ததும் நின்றுபோகிறது என்றால் உள் முகவரியைப் பாருங்கள். 192.168.1.10-க்கு விதி இருக்கும், கணினி 192.168.1.14 வாங்கியிருக்கும். ரவுட்டரில் உள் முகவரிகளைக் கொடுக்கும் டிஎச்சிபி பகுதியில் அந்தக் கணினியின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் வன்பொருளின் அடையாள எண்) ஓர் உள் முகவரியை ஒதுக்கிவிட்டால் போதும். கேபிளுக்கும் வைஃபைக்கும் மேக் முகவரி வேறு வேறு, எதில் இணைத்திருக்கிறீர்களோ அதையே கொடுங்கள்.

* * *

விண்டோஸ்காரர்களுக்கு ஒரு சேர்க்கை. ஜாவாவைப் புதுப்பித்த பிறகு திடீரென்று நின்றால் ஃபயர்வாலைத் திறந்து பாருங்கள். அனுமதி பழைய ஜாவா இருந்த கோப்புறைக்குக் கொடுத்ததாக இருக்கும், புதியது வேறு கோப்புறையில் உட்கார்ந்திருக்கும். நிரலுக்கு அனுமதி கொடுப்பதைவிட 25565 போர்ட்டுக்கே உள்வரும் விதி எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. ரவுட்டர் மாற்றினால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்து "பப்ளிக்" என்று வைத்துக்கொள்ளக்கூடும், அதையும் "பிரைவேட்" ஆக்க வேண்டும்.

* * *

முதல் பதிவு எழுதியவன்தான். பொது ஐபி தர மறுத்தால் என்ன செய்வது என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். நண்பர்கள் நாலைந்து பேர்தான் என்றால் கணினிகளைத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் செயலி போதும், ஆனால் ஒவ்வொருவரும் அதை நிறுவ வேண்டும். யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்றால், வாடகைக்கு ஒரு சிறிய சர்வர் எடுத்து, அங்கிருந்து வீட்டுக்கு வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருளால் சுரங்கம் போடலாம். தாமதம் கொஞ்சம் கூடும், ஆகவே நண்பர்களுக்கு அருகில் உள்ள இடத்தில் எடுங்கள். ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி இருந்தால் சிஜிநாட் தடையே இல்லை. ரவுட்டர் ஃபயர்வாலில் மட்டும் அனுமதி கொடுக்க வேண்டும், நண்பர்களிடமும் ஐபிவி6 இருக்க வேண்டும்.

எந்த வழியில் பொதுவெளிக்குத் திறந்தாலும் ஒயிட்லிஸ்ட்டை (அனுமதித்த பெயர்கள் மட்டும் நுழையும் பட்டியல்) அன்றே போட்டுவிடுங்கள். திறந்த 25565-ஐத் தேடி இணையம் முழுக்கத் துழாவும் பாட்கள் எனும் தானியங்கி நிரல்கள் இருக்கின்றன. என் சர்வரின் பதிவேட்டில் முன்பின் தெரியாத பெயர்கள் வந்து தட்டுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.