லாஸ்பேட்டை வீடு, மாடி ரூம் ஸ்பீக்கர்: குடும்பக் குழு உரையாடல்

ப்ரியா (காலை 7:42)
மாடி ரூம் பூச்சு முடிஞ்சுது. பட்டி பாக்கறதுக்கு முன்னாடி ஸ்பீக்கர் விஷயம் முடிவாகணும். ரூம் 16க்கு 11, உயரம் 10 அடி. முன் சுவர் கிழக்கு வெளிச்சுவர், 9 இன்ச். வலது சுவர் நாலரை இன்ச், அதுக்கு அந்தப் பக்கம் அம்மா ரூம். ஹோம் தியேட்டருக்கு 5.1.4 போடலாம்னு நினைப்பு, அதாவது சுத்தி அஞ்சு ஸ்பீக்கர், பேஸுக்கு ஒரு ஸப்வூஃபர், சீலிங்ல நாலு. சுவருக்குள்ள பதிக்கிற ஆறரை இன்ச் மாடல் ஒண்ணு ஆன்லைன்ல தள்ளுபடில வருது. சரவணன் அண்ணா, ஆர்டர் போட்டுடட்டுமா?

சரவணன் (காலை 7:50)
போடாத. முதல்ல சுவரு, அப்புறம்தான் ஸ்பீக்கர்.

சரவணன் (காலை 7:53)
இந்த மாடல் எல்லாமே அமெரிக்கா பக்கத்து வீட்டுக்குன்னு செஞ்சது. அங்க உள்சுவர்னா மரச்சட்டம், ரெண்டு பக்கமும் ஜிப்சம் போர்டு, நடுவுல மூணரை இன்ச் காலி. அந்தக் காலி இடம்தான் ஸ்பீக்கருக்குப் பெட்டி. ஸ்க்ரூ முடுக்கினா நாலு மூலையில இருக்கிற காது திரும்பி போர்டு முதுகைக் கவ்விக்கும். நம்ம செங்கல் சுவர்ல கவ்வ என்ன இருக்கு? பின்னாடி காத்தும் இல்ல.

ப்ரியா (காலை 7:55)
மேஸ்திரி சுவரை நாலு இன்ச் குடைஞ்சு தரேங்கறாரே

மணி சித்தப்பா (காலை 8:04)
நாலரை இன்ச் சுவர்ல நாலு இன்ச் குடைஞ்சா உங்க அம்மா ரூம் பூச்சுதான் மிச்சம். அதுல கையே வைக்கக் கூடாது. முன் சுவர் 9 இன்ச், வெட்டலாம், ஆனா கிழக்கு பாத்த வெளிச்சுவர். ஐப்பசி கார்த்திகை சாரல் நேரா அங்கதான் அடிக்கும். 2024ல பெஞ்சல் புயலப்ப கிழக்கு சுவரெல்லாம் எப்படி ஊறிக் கிடந்துச்சுன்னு தெருவுல எல்லாருக்கும் தெரியும். பாதி கனத்தை எடுத்துட்டு அங்க ஸ்பீக்கரை வெச்சா ஈரம் அதோட முதுகுல நிக்கும். மேஸ்திரிகிட்ட வேணாம்னு சொல்லிடு மா.

சரவணன் (காலை 8:11)
சித்தப்பா சொல்றது சரி. செங்கலைத் தொடாம முன் சுவருக்கு முன்னாடி ஒரு பொய்ச்சுவர் எழுப்பிடு. ஆழம் ஏழே கால் இன்ச். 16 அடில அரை அடிக்கு மேல போகும், போகட்டும். முன்னாடி மூணு ஸ்பீக்கரும் அதுல. மேல நாலும் பால்ஸ் சீலிங்ல. பக்கச் சுவர்ல வர்ற ரெண்டு ஸ்பீக்கரை, அதான் சரவுண்டு, அதை மட்டும் சுவர் மேல மாட்டற சின்ன பெட்டியா வாங்கிடு, அதே கம்பெனி, அதே வரிசையில. ரெண்டு சரவுண்டுக்காக ரூம் அகலத்தைக் குறைக்கறது வீண், ஏற்கெனவே 11 அடிதான்.

ப்ரியா (காலை 8:13)
பொய்ச்சுவர்ல ஓட்டை போட்டு மாட்டினா போதும்ல?

சரவணன் (காலை 8:26)
அங்கதான் முக்காவாசி பேர் கெடுத்துக்கறாங்க. வெறும் ஜி.ஐ. சட்டத்துல ஒத்தை போர்டு அடிச்சு ஓட்டை போட்டா மொத்த பொய்ச்சுவரும் ஒரே பெட்டி ஆயிடும். இடது ஸ்பீக்கர் அடிக்கிற காத்து நடு ஸ்பீக்கரோட கோனை, அதான் முன்னாடி ஆடற கூம்பை, தள்ளும். போர்டும் சட்டமும் கடகடன்னு பேசும்.

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பின்னாடி மூடின தனிப் பெட்டி வேணும். உள்ளளவு அகலம் 360 மில்லி, உயரம் 700, ஆழம் 130. பெருக்கினா 32 லிட்டர் சொச்சம். ஸ்பீக்கரே கொஞ்சம் இடம் எடுத்துக்கும், 30 நிக்கும். ஆறரை இன்ச் யூனிட்டுக்கு 25லேர்ந்து 30 நல்ல அளவு. கம்பெனி டேட்டா ஷீட்ல வேற அளவு போட்டிருந்தா அதுதான் கணக்கு. 10 லிட்டர்ல அடைச்சா உள்காத்து விறைப்பான ஸ்பிரிங் ஆயிடும். கீழ் பேஸ் போயிடும், நடு பேஸ் மட்டும் உப்பும், ஆம்பளை குரலெல்லாம் குடத்துக்குள்ள பேசற மாதிரி கேக்கும்.

சரவணன் (காலை 8:29)
பெட்டி 12 மில்லி பிளைவுட். முகப்புல 12 மில்லி பிளைவுட், அதுமேல பன்னிரண்டரை மில்லி போர்டு. ரெண்டும் சேர்ந்து இருபத்தி நாலரை மில்லி வருது. ஸ்பீக்கர் காது அவ்வளவு கனம் கவ்வுமான்னு வாங்கறதுக்கு முன்னாடியே ஷீட்ல பாரு. சில மாடல் 25 வரைக்கும்தான் கவ்வும், அதுக்கும் கம்மியா இருந்தா அந்த வட்டத்துல மட்டும் பிளைவுட்டை உள்பக்கமா இழைக்கணும்.

மணி சித்தப்பா (காலை 8:40)
பிளைவுட்ல ஐ.எஸ். 710 முத்திரை இருக்கணும், அது தண்ணி தாங்கற மெரைன் பிளைவுட்டுக்கான தரம். கடைக்காரர் "வாட்டர்ப்ரூஃப்தான் சார்"னு வாயால சொல்றது பத்தாது, பலகை ஓரத்துல அச்சு இருக்கும், பாரு. போர்டு பச்சை நிறம், ஈரம் தாங்கறது. செங்கலுக்கும் பெட்டி முதுகுக்கும் நடுவுல அரை இன்ச் இடைவெளி விடு, ஒட்டினா ஈரம் ஏறும். கறையான் மருந்து சட்டம் நிறுத்தறதுக்கு முன்னாடி. அப்புறம் அந்தக் கருப்பு ஜிப்சம் ஸ்க்ரூ நம்ம ஊர் உப்புக்காத்துல ரெண்டு மழை தாங்காது, பெயிண்ட் மேலயே துருப்பொட்டு வரும். துத்தநாகப் பூச்சு இல்லன்னா 304 ஸ்டெயின்லெஸ்.

சரவணன் (காலை 8:44)
ஸ்பீக்கருக்கும் அதே கதை. கடைக்குப் போறப்ப ஒரு காந்தம் எடுத்துக்க. கிரில்ல ஒட்டினா இரும்பு, ஒட்டலன்னா அலுமினியம். நமக்கு அலுமினியம். கோனைச் சுத்தி இருக்கிற வளையம் ரப்பரா பாரு, ஃபோம் நாள்பட்டா நொறுங்கிடும், இந்த ஊர் ஈரத்துல இன்னும் சீக்கிரம்.

அம்மா (காலை 9:02)
எல்லாம் சரிடா சரவணா. ராத்திரி பத்து மணிக்கு எனக்கு தூக்கம் வருமா வராதா

சரவணன் (காலை 9:10)
வரும் பெரியம்மா, ஸப்வூஃபரை உங்க சுவரை விட்டு எதிர்ப் பக்கம் வெச்சா. கீழ் பேஸ்தான் செங்கலைத் தாண்டும், பேச்சு அவ்வளவா தாண்டாது. ப்ரியா, கடையில "ராக்வூல் ஒட்டுங்க, சத்தமே போகாது"ம்பாங்க. சுவர் மேல ஒட்டின ராக்வூல் ரூமுக்குள்ள எதிரொலியைத்தான் குறைக்கும். சத்தம் வெளிய போறதைத் தடுக்கறது கனமும் இடுக்கு அடைப்பும். கதவு கீழ இருக்கிற இடுக்குக்கு ரப்பர் போடு, அந்த ரூம் பக்கம் இருக்கிற ஸ்விட்ச் பாக்ஸ் சுத்தி சீலண்ட் அடி. வலது சரவுண்டை ரப்பர் வாஷர் வெச்சு மாட்டு. ராக்வூல் வேண்டியது ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள: 48 டென்சிட்டி, 50 மில்லி, முதுகுலயும் பக்கத்துலயும், துணில சுத்தி. இல்லன்னா தூசி காயில்ல போய் உக்காரும்.

கடலூர் மாமா (காலை 9:31)
வயரைப் பத்தி ஒருத்தரும் பேசல. ஸ்பீக்கர் விலைக்கு நாலு நாள் ஆராய்ச்சி, வயர் மட்டும் கடைசி நாள் பக்கத்துக் கடையில 😄

ப்ரியா (காலை 9:33)
மாமா வந்துட்டீங்களா, சொல்லுங்க. கடைல 1 ஸ்கொயர் எம்எம் போதும்னாங்க

கடலூர் மாமா (காலை 9:47)
ஆம்ப் (ரிசீவர்) வைக்கிற ரேக் முன்னாடி இடது மூலைன்னு வெச்சுக்க. அங்கேர்ந்து பின் வலது சீலிங் ஸ்பீக்கருக்கு ஏறி இறங்கி 16 மீட்டர். போக வர 32. 1 ஸ்கொயர்ல 0.55 ஓம் வரும், இரண்டரைல 0.22. எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு வயர் ஓம் நூத்துக்கு அஞ்சு, அதாவது 0.4 தாண்டக் கூடாது. அதனால இரண்டரை, எல்லாத்துக்கும் ஒரே அளவு.

முன்னாடி மூணுக்கு 4, 6, 8. சரவுண்டு 9, 12. மேல முன் ஜோடி 10, 13. பின் ஜோடி 13, 16. கூட்டினா 91 மீட்டர், முனைக்கு விடற மிச்சமும் இதுல சேந்தாச்சு. 100 மீட்டர் ரோல் ஒண்ணு.

முழு செம்பா கேட்டு வாங்கு. அலுமினியத்துக்கு மேல செம்பு பூசின சிசிஏ பாதி விலைக்கு வரும், பாக்க அதே மாதிரி இருக்கும். ஒரு இழையை பிளேடால சுரண்டு, உள்ள வெள்ளையா தெரிஞ்சா வேணாம்னு வெச்சுட்டு வா. ஓம் கூடுதல்ங்கறது ஒரு பக்கம். கடக்கரை ஊர்ல அலுமினிய முனை பூத்துப் போய் டெர்மினல்ல லூஸ் ஆகறது பெரிய தலைவலி, அதுவும் மூடின சுவருக்குள்ள.

கடலூர் மாமா (காலை 9:52)
25 மில்லி பைப், ஒரு பைப்ல ரெண்டு வயர். கரண்டு பைப்புக்கு ஒரு அடி தள்ளி. குறுக்க போயே ஆகணும்னா நேர் கோணத்துல தாண்டணும், கூடவே ஓடக் கூடாது. புரொஜெக்டருக்கு 40 மில்லி பைப், எல்போ வேணாம், நீள பெண்டு. உள்ள நைலான் கயிறு ஒண்ணு எப்பவும் கிடக்கட்டும். அந்த தூரத்துக்கு ஆப்டிகல் எச்டிஎம்ஐ வாங்குவீங்க, அதுக்கு திசை உண்டு, தலைகீழா இழுத்துட்டா படம் வராது.

ப்ரியா (காலை 10:05)
குறிச்சுக்கிட்டேன். அண்ணா, ஸ்கிரீன் 100 இன்ச். எது எங்க வரணும்?

சரவணன் (காலை 10:24)
முன்னாடி இடது வலது ரெண்டுக்கும் மையத்துக்கு மையம் எட்டரை அடி. நடு சீட் பொய்ச்சுவர்லேர்ந்து 10 அடி. கோணம் 23 டிகிரி, டால்பி சொல்ற 22லேர்ந்து 30க்குள்ள வந்துடுது. 100 இன்ச் ஸ்கிரீன் அகலம் ஏழே கால் அடி, ரெண்டு பக்கமும் ஸ்பீக்கருக்கு இடம் இருக்கு. 110 இன்ச்னா எட்டு அடி, இடிக்கும். ஆசைப்படாத 😀

ட்வீட்டர், அதான் கீச்சு சத்தம் தர்ற சின்ன யூனிட், அதோட உயரம் உக்காந்தா காது வர்ற உயரம், மூணே கால் அடி. நடு ஸ்பீக்கர் ஸ்கிரீனுக்குப் பின்னாடி, அதே உயரத்துல, அதே மாடல், நட்டுக்கவே. அதுக்கு சத்தம் ஊடுருவற நெய்த ஸ்கிரீன் வேணும். சாதா ஸ்கிரீன்தான்னா நடு ஸ்பீக்கர் கீழ படுக்கணும். ரெண்டு வூஃபர் (பேஸ் தர்ற பெரிய யூனிட்) நடுவுல ட்வீட்டர் உள்ளதைப் படுக்கப் போட்டா ஓரத்து சீட்ல வசனம் மங்கும். வசனம் முக்கால்வாசி நடு ஸ்பீக்கர்லேர்ந்துதான் வருது, காசு செலவு பண்றதா இருந்தா இந்த ஸ்கிரீன்ல பண்ணு.

சுவருக்குள்ள போனா ஸ்பீக்கரை சீட்டைப் பாத்துத் திருப்ப முடியாது, அது ஒண்ணு குறை. ட்வீட்டரை மட்டும் சாய்க்கிற மாதிரி இருக்கிற மாடலா எடு. நிறை என்னன்னா முன் சுவர்ல பட்டுத் திரும்பி வர்ற பேஸ் குழப்பமே இருக்காது.

சரவணன் (காலை 10:31)
சீட்டை ரூம் நீளத்துக்கு நட்டநடுவுல போட்டுடாத. பதினஞ்சரை அடிக்கு 36 ஹெர்ட்ஸ் வாக்குல ஒரு பேஸ் அலை நிக்கும், நடுவுல அது சுத்தமா காணாம போயிடும். 10 அடில பிரச்சினை இல்ல. ஸப் தரையிலதான், பொய்ச்சுவருக்குள்ள வேணாம், போர்டே ஆடும். ஸப்பை சீட்ல வெச்சு பேஸ் பாட்டு ஓட விட்டு, நீ இடது சுவர் ஓரமா தவழ்ந்து எங்க சமமா கேக்குதோ அங்க வை. கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ், அதுக்குக் கீழ உள்ள பேஸ் ஸப்புக்குப் போகும்.

சரவணன் (காலை 10:33)
ஆமா, ரிசீவர் எத்தனை சேனல்?

ப்ரியா (காலை 10:34)
ஏழு

சரவணன் (காலை 10:41)
5.1.4க்கு ஒன்பது சேனல் ஆம்ப் வேணும் மா. இப்போதைக்கு 5.1.2தான் ஓடும். ஆனா சீலிங் ஸ்பீக்கர் இடம் மாறும்: ரெண்டுன்னா சீட்டுக்கு ஒரு அடி முன்னாடி. நாலுன்னா முன் ஜோடி சீட்டுக்கு ஆறடி முன்னாடி, பின் ஜோடி நாலரை அடி பின்னாடி. சீலிங் எட்டு இன்ச் இறங்கினப்புறம் காதுலேர்ந்து ஆறடி உயரம், அந்தக் கணக்குல சொல்றேன். வயர் நாலு இடத்துக்கும் இழுத்துடு, முன் ஜோடி முனையில ரெண்டு மீட்டர் சுருட்டி வை. மாமா கணக்குல இது நாலு மீட்டர் கூட வரும், 95. ரோல் தாங்கும்.

சீலிங் ஸ்பீக்கருக்கும் முதுகு மூடின மாடல் எடு. ஒவ்வொண்ணையும் தனிக் கம்பியால கான்கிரீட்ல கட்டித் தொங்க விடணும், பால்ஸ் சீலிங் சட்டத்தை மட்டும் நம்பக் கூடாது.

மணி சித்தப்பா (காலை 10:58)
ஆசாரிகிட்ட சொல்ல வேண்டியது: ஸ்பீக்கர் கைக்கு வந்த பிறகுதான் ஓட்டை. உள்ள வர்ற அட்டை வார்ப்பை ஒட்டி வெட்டணும். பெரிசா வெட்டிட்டா காது கவ்வாது.

சரவணன் (காலை 11:02)
காதை முடுக்கறது கை ஸ்க்ரூ டிரைவர்லதான். டிரில்ல முடுக்கினா ஒண்ணு காது உடையும், இல்ல போர்டு நொறுங்கும். கிரில்லுக்கு சுவர் நிறம் அடிக்கணும்னா பின்னாடி ஒட்டியிருக்கிற துணியை உரிச்சுட்டு மெலிசா ஸ்ப்ரே. ரோலர் ஓட்டினா ஓட்டையெல்லாம் அடைஞ்சுடும்.

கடலூர் மாமா (காலை 11:15)
போர்டு மூடறதுக்கு முன்னாடி டெஸ்ட். ஸ்பீக்கரை மாட்டி, ரேக் முனையில மல்டிமீட்டர் வை. எட்டு ஓம் ஸ்பீக்கர் அஞ்சரைலேர்ந்து ஏழுக்குள்ள காட்டும். பூஜ்யம் காட்டினா எங்கயோ ஆணி ஏறியிருக்கு, ஒண்ணுமே காட்டலன்னா அறுந்திருக்கு. அப்புறம் ஒண்ணரை வோல்ட் பென் டார்ச் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடு. பிளஸ்ல பிளஸ் பட்டா வூஃபர் வெளிய வரணும். உள்ள போனா முனை மாறியிருக்கு. ஒண்ணு மாறினாலும் பேஸ் மெலியும், அப்புறம் காரணம் தேடி ரிசீவரைத் திட்டிட்டு இருப்பீங்க. ரெண்டு முனையிலயும் பேர் எழுதி ஒட்டு. சட்டம், பைப் எல்லாம் தெரியற மாதிரி அளவு டேப் வெச்சு போட்டோ எடு.

ப்ரியா (காலை 11:18)
சரி மாமா. ஆன்லைன் கார்ட்லேர்ந்து அந்த ஸ்பீக்கரை எடுத்துட்டேன். டேட்டா ஷீட்ல ஆழம், கனம், லிட்டர் மூணும் பாத்துட்டு நாளைக்கு ரெண்டு மாடல் அனுப்பறேன். ஆசாரி ஞாயித்துக்கிழமை வராரு. போட்டோ இந்த குரூப்லயே போடட்டுமா?

சரவணன் (காலை 11:20)
போடு, ஆனா டாக்குமெண்டா அனுப்பு. சும்மா போட்டா வாட்ஸ்அப் சுருக்கிடும், டேப் நம்பர் படிக்க வராது.