20 அங்குல ஸ்க்ரப்பர் (தரை கழுவுற மெஷின்) மணிக்கு 2000 சதுர மீட்டரா? இது யாரு போட்ட கணக்கு?

தரைக்காரன்:
பக்கத்து இழையில ஒருத்தர் எழுதினத அப்படியே ஒட்டுறேன்: "20 அங்குல ஆட்டோ ஸ்க்ரப்பர் மணிக்கு 2000 சதுர மீட்டர் முடிக்கும். 6000 சதுர மீட்டர் மால் தளத்துக்கு ஒரு ஆள், மூணு மணி நேரம். எத்தனை ஆள்னு பாத்துக் காசு கொடுக்கிறத விட்டுட்டு, விளைவுக்குக் காசு கொடுத்தா துப்புரவு நிர்வாகம் தன்னால சரியாகும்."
2000 எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? பிரஷ் அகலம் அரை மீட்டர், நடை மணிக்கு 4 கிலோமீட்டர், ரெண்டையும் பெருக்கு. தூண் கிடையாது, திருப்பம் கிடையாது, தொட்டியில தண்ணி தீரவே தீராது. சிங்கப்பூர் சாங்கி விமான நிலைய ஓடுபாதையில வேணா நடக்கும்.

டெண்டர்_தம்பி:
அந்த "ஒருத்தர்" நான்தான் அண்ணே, பேர் சொல்லியே திட்டலாம். 2000 என் கற்பனை இல்ல, கேட்டலாக்ல அச்சடிச்சிருக்கு. நீங்க மெஷின் செஞ்சவனுக்கே பாடம் எடுப்பீங்க போல.

தரைக்காரன்:
எடுக்கிறேன், உக்காருங்க. 20 அங்குலம்னா 508 மில்லிமீட்டர். கோடு விழாம இருக்க ஒவ்வொரு தடமும் முந்தின தடத்து மேல 5 சென்டிமீட்டர் ஏறணும். மிச்சம் 46 சென்டிமீட்டர். அதே 4 கிலோமீட்டர் நடையில 1840. 40 லிட்டர் தொட்டி, நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் விட்டா 40 நிமிஷத்துல காலி. அழுக்குத் தண்ணிய ஊத்தி, கழுவி, மறுபடி நிரப்ப 10 நிமிஷம். அதுவும் குழாய் பக்கத்துல இருந்தா. ஆக 50 நிமிஷத்துல 40 நிமிஷம்தான் ஓட்டம்: 1470. தூண், எஸ்கலேட்டர் வாய், கடை வாசல்னு திரும்புறதக் கழிச்சா 1250 வந்தாலே பெரிய விஷயம்.
6000ஐ 1250ஆல வகுங்க. 4.8 மணி நேரம். உங்க பேட்டரி மூணு மணி நேரத்துல படுத்துடும். மிச்சத்த யாரு துடைப்பா, கேட்டலாக்கா?

டெண்டர்_தம்பி:
அப்ப பேட்டரிதான் உங்க பிரச்சினை, 2000 இல்ல. விடியக்காலை 2 மணிக்கு மால்ல கூட்டமா இருக்கும்? 2000 சரியாத்தான் இருக்கு.

வாளிமாப்:
ரெண்டு பேரும் மெஷின் பின்னாடியே ஓடுறீங்க. "விளைவு"ன்னா என்னன்னு யாராவது சொன்னீங்களா? தரையில கோடு இல்லாம இருக்கணுமா, வழுக்காம இருக்கணுமா, கழிவறைக் குப்பைத்தொட்டி முக்கால்வாசிக்கு மேல போகக்கூடாதா? அத எழுதாம போட்ட ஒப்பந்தத்துல மாசக் கடைசி சண்டை நிச்சயம்.

தரைக்காரன்:
வாளிமாப், அதுக்கு வேற இழை திறங்க. இங்க பேச்சு 2000.

ஜூரோங்_அக்கா:
கோடு விழுறதுக்கும் ஆள் எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்ல. முக்கால்வாசி நேரம் மெஷின் பின்னால தண்ணிய வழிச்செடுக்கிற ஸ்க்வீஜி ரப்பரோட முனை மழுங்கியிருக்கும். பெரும்பாலான ரப்பருக்கு நாலு முனை, கழட்டித் திருப்பிப் போட்டா போதும். அதுலயும் சரியாகலன்னா அழுக்குத் தொட்டி மூடியோட ரப்பர் வளையத்தப் பாருங்க. காத்து கசிஞ்சா உறிஞ்சாது. மூணாவது, நுரை. 1:100 அளவுல கலக்கிற தரை மருந்துக்கு 40 லிட்டர்ல 400 மில்லிலிட்டர்தான். "நல்லா வாசம் வரட்டும்"னு ஒரு லிட்டர் ஊத்தினா நுரை அழுக்குத் தொட்டி மிதவையத் தூக்கி உறிஞ்சல நிறுத்திடும், காஞ்சதும் தரை பிசுபிசுங்கும், மறுநாள் டபுள் அழுக்கு. சுவத்துல மருந்த அளந்து விடுற குழாய் மாட்டினா இந்தத் தொல்லையே இல்ல.

டெண்டர்_தம்பி:
அக்கா சொல்றது ஞாயம். பராமரிப்பு சரியா இருந்தா 2000 வரும்னுதான் நானும் சொல்றேன்.

ஜூரோங்_அக்கா:
நான் எங்கப்பா அப்படிச் சொன்னேன்?

தரைக்காரன்:
போன மாசம் மார்பிள் கறைக்கு எலுமிச்சை அமிலம் தடவச் சொன்னதும் இதே தம்பிதானே? மார்பிள் சுண்ணாம்புச் சத்துள்ள கல்லு. அமிலம் பட்ட இடம் அரிச்சு மங்கிடும், அப்புறம் வைரத்தூள் பதிச்ச பேட் போட்டுத் தேச்சாத்தான் பளபளப்பு திரும்பும். அந்த இழை இன்னும் இருக்கு, யாரும் அழிக்கல.

டெண்டர்_தம்பி:
அது கிரானைட்டுக்குச் சொன்னது! சம்பந்தமில்லாம பழசக் கிளறாதீங்க.

தரைக்காரன்:
சம்பந்தம் இருக்கு. இங்கயும் அங்கயும் காகிதத்துல பாத்தத அப்படியே தரையில ஊத்துறீங்க. மெஷின் பின்னாடி நடக்கிறவங்கள்ல நிறையப் பேருக்கு அறுபது தாண்டிருச்சு. ஈரத் தரையில மணிக்கு 3 கிலோமீட்டர்தான் பத்திரமான நடை. அப்ப 940 வந்தாப் பெரிசு. நீங்க 2000னு எழுதி விலை போடுறீங்க. துப்புரவு ஆளுங்களுக்கான படிப்படியான சம்பள உயர்வு முறை 2014லேர்ந்து துப்புரவுக் கம்பெனி உரிமத்தோட நிபந்தனை, இப்ப ஒவ்வொரு ஜூலையும் சம்பளம் ஏறுது. மூணு வருஷ ஒப்பந்தத்துல ஒரு ஆள் குறைச்சுக் கணக்குப் போட்டுட்டு, ரெண்டாவது ஜூலையில என்ன பண்ணுவீங்க? கழிவறை ஆள இழுத்து மெஷின்ல விடுவீங்க. அங்க கதவுக்குப் பின்னால தொங்குற, சுத்தம் பண்ணினதுக்குக் கையெழுத்துப் போடுற அட்டையில எட்டு கையெழுத்தும் ஒரே பேனாவுல, ஒரே நேரத்துல விழும்.

சும்மா_பாக்குறேன்:
"ஸ்க்வீஜி"ன்னு எழுதுறதா, "ஸ்குயீஜி"யா? தமிழ்ல "நீர்வழிப்பான்"னு சொல்லலாமே.

ஜூரோங்_அக்கா:
ஸ்டோர்ல போய் நீர்வழிப்பான் கேளுங்க, வாளியத் தருவாங்க.

வாளிமாப்:
2024 ஜனவரியிலேர்ந்து தேசியச் சுற்றுப்புற வாரியம் உரிமத்தையே மூணு வகையாப் பிரிச்சாச்சு. நீங்க இன்னும் ஒரு மெஷினுக்கு அடிச்சுக்கிறீங்க. சிவப்புத் துணி கழிவறைக் கிண்ணத்துக்கு, பச்சை சாப்பாட்டு மேசைக்குன்னு நிறம் பிரிக்கிறதும் ஒப்பந்தத்துல எழுதவேண்டிய விஷயம்தான். துவைக்கும்போது எல்லாத்தையும் ஒரே மெஷின்ல ப்ளீச் ஊத்திப் போட்டா மைக்ரோஃபைபரும் போச்சு, நிறமும் போச்சு. அதப் பேசலாமா?

தரைக்காரன்:
பேசலாம். முதல்ல தம்பி 2000ஐ வாபஸ் வாங்கட்டும்.

டெண்டர்_தம்பி:
26 அங்குல மெஷின் எடுத்தா 2000 வருமா வராதா? அதச் சொல்லுங்க.

தரைக்காரன்:
தலைப்புல என்ன எழுதியிருக்கு? 20. இப்ப மெஷின் வளர்ந்துருச்சா?

டெண்டர்_தம்பி:
கேள்விக்குப் பதில் இல்ல, பாத்தீங்களா எல்லாரும். கேட்டலாக்ல 2000தான். நான் மாத்தல.

ஜூரோங்_அக்கா:
மூடி வளையம் தனியாக் கிடைக்குமா, இல்ல மூடியோடதான் வாங்கணுமா? யாராவது இதச் சொல்லுங்களேன்.

தரைக்காரன்:
1250.