55-க்கு மேல பழைய புல்லட்: அம்மீட்டர் முள்ளும் அந்த ஒரு அங்குலமும்

வலதுகியர்
"55 தாண்டினவங்க பழைய புல்லட் ஆசையை மூட்டை கட்டி வைங்க. கிக்கர் ரிட்டர்ன் அடிச்சா, அதாவது காலைத் திருப்பி உதைச்சா, முழங்கால் போச்சு. பேசாம புது புல்லட், அதான் கிளாசிக் 350, எடுங்க"ன்னு நெடுஞ்சாலை நேத்து இங்க எழுதியிருக்கார். முப்பது வருஷம் மனசுல வச்சிருந்து, பிள்ளைங்க படிப்பு, கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம் முடிச்சுட்டு வர்றவங்ககிட்ட பேசுற பேச்சா இது? காஸ்ட் அயர்ன் வண்டி, அதான் வார்ப்பிரும்பு சிலிண்டர் வச்ச பழைய புல்லட், பலத்துல ஸ்டார்ட் ஆகாது, முறையிலதான் ஆகும். சாவி போட்டு கிக்கரை மெதுவா அமுக்குங்க. கரண்ட் ஓட்டத்தைக் காட்டற அம்மீட்டர் முள் மைனஸ்ல இருந்து நடுவுக்கு வரும். அங்க நிறுத்தி, சிலிண்டர் அழுத்தத்தை வெளிய விடற டீகம்ப்ரசர் லீவரைப் பிடிச்சு இன்னும் ஒரு அங்குலம் தள்ளுங்க. லீவரை விட்டுட்டு கிக்கரை மேல வரவிடுங்க. அப்புறம் ஒரே மிதி, பாதியில நிறுத்தாம கடைசி வரைக்கும். உடம்பு எடை மட்டும் போதும்.

நெடுஞ்சாலை
அந்த ஒரு அங்குலம் எதுக்கு சார்? முள் நடுவுக்கு வந்தாலே பிஸ்டன் மேல வந்தாச்சு. அங்கயே உதைக்க வேண்டியதுதான். தேவையில்லாத சடங்கு.

வலதுகியர்
சடங்கா? பாயின்ட், அதான் கரண்டை வெட்டி ஸ்பார்க் வரவைக்கற காண்டாக்ட், திறக்கும்போதுதான் முள் நடுவுக்கு வருது. 350-க்கு ஸ்பார்க் டைமிங் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னாடி. அதாவது முள் நடுவுல நிக்கும்போது பிஸ்டன் இன்னும் உச்சியைத் தாண்டல. அங்க அரைகுறையா மிதிச்சா ரிட்டர்ன் அடிக்கத்தான் செய்யும். ஒரு அங்குலம் தள்ளினா உச்சி தாண்டிடும், அடுத்த கம்ப்ரஷனுக்கு முன்னாடி ஃப்ளைவீல் வேகம் எடுத்துக்கும். நீங்க பயப்படுற ரிட்டர்னுக்கு மருந்தே அந்த ஒரு அங்குலம்தான்.

பாயின்ட்செட்
ரெண்டு பேரும் எந்த வண்டியைச் சொல்றீங்க? பாயின்ட் இருக்கற நாலு கியர் காஸ்ட் அயர்னா, அதுக்கு அப்புறம் வந்த ஏவிஎல் இன்ஜினா? எலக்ட்ரானிக் இக்னிஷன் மாத்தின வண்டியில முள் இந்த மாதிரி ஆடவே ஆடாது.

நெடுஞ்சாலை
எதுவா இருந்தா என்ன? பழசுன்னா பழசுதான். ஒரு அங்குலம் தள்ளிட்டா மிதிக்க தூரம் எங்க மிச்சம்?

வலதுகியர்
"கிக்கரை மேல வரவிடுங்க"ன்னு எழுதினதைப் படிக்கலையா? கிக்கர் ராட்செட்ல திரும்பி மேல வரும், இன்ஜின் அங்கயே நிக்கும். முழு மிதியும் கிடைக்கும். இதுகூடத் தெரியாம முழங்கால் வைத்தியம் சொல்ல வந்துட்டீங்க.

ஒத்தசிலிண்டர்
அண்ணே, ரிட்டர்ன் அடிக்கறதுக்கு உதைக்கற முறை மட்டும் காரணமில்ல. பாயின்ட் கேப் 0.35-ல இருந்து 0.40 மில்லிமீட்டர்தான் இருக்கணும். கேப் பெருசானா பாயின்ட் சீக்கிரம் திறந்து டைமிங் முன்னாடி ஓடிடும். வேகத்துக்கு ஏத்தபடி டைமிங்கை முன்னாடி நகர்த்தற ஆட்டோ அட்வான்ஸ் யூனிட்ல கிரீஸ் காய்ஞ்சு வெயிட் விரிஞ்ச மாதிரியே ஒட்டிக்கிட்டா இன்னும் மோசம், எத்தனை அங்குலம் தள்ளினாலும் அடிக்கும். வாங்கறதுக்கு முன்னாடி பாயின்ட் கவரைக் கழட்டி, கேமைக் கையால திருப்பி விட்டுப் பாருங்க. ஸ்பிரிங் இழுத்து டக்குன்னு பழைய இடத்துக்கு வரணும்.

வலதுகியர்
தம்பி சரியாச் சொன்னீங்க. ஆனா "எத்தனை அங்குலம் தள்ளினாலும்"ங்கறது அதிகப்படி. டைமிங் சரியா இருக்கற வண்டிக்கு ஒரு அங்குலம் போதும்.

நெடுஞ்சாலை
ஆக டைமிங் பார்க்கணும், கேப் பார்க்கணும், முள் பார்க்கணும், அங்குலம் அளக்கணும். 58 வயசுல பால் பாக்கெட் வாங்கப் போகணும்னா ஸ்கேல் எடுத்துட்டுப் போகணும் போல. புதுசுல ஒரு பட்டன். 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 ஆயிடுச்சு. 349 சிசி வண்டியை விட்டுட்டு யாராவது பழைய இரும்பைத் தேடிப் போவாங்களா?

சங்கிலிப்பல்
பட்டன் பெருமை பேசாதீங்க. பட்டன் வச்ச பழைய அஞ்சு கியர் வண்டியில பேட்டரி வீக்கா இருந்து இன்ஜின் திருப்பி அடிச்சா ஸ்டார்ட்டர் மோட்டாரை இன்ஜினோட இணைக்கற ஸ்ப்ராக் கிளட்ச்தான் உடையும். கால் தப்பிக்கும், பர்ஸ் தப்பிக்காது.

நெடுஞ்சாலை
நான் சொன்னது புது வண்டி. கண்ணாடி போட்டுப் படிங்க.

வலதுகியர்
புது கிளாசிக் 195 கிலோ. காஸ்ட் அயர்ன் அதைவிட 25, 30 கிலோ குறைவு. முழங்கால் மேல அவ்வளவு அக்கறை இருக்கறவர் சரிவுல நிக்கற வண்டியைப் பின்னால தள்ளும்போது அந்த எடையை யார் தாங்குவாங்கன்னு ஏன் எழுதல? அப்புறம், கிளாசிக்கை புல்லட்னு சொல்றதையும் நிறுத்துங்க. பேரே வேற.

சங்கிலிப்பல்
அண்ணே, 2023-ல புது கிளாசிக்ல இருக்கற அதே ஜே இன்ஜின்ல புல்லட்டும் வந்துடுச்சே. அதுக்கு என்ன பேர் வைப்பீங்க?

வலதுகியர்
பேர் ஒட்டினா போதுமா? 70-க்கு 90 மில்லிமீட்டர் போர் ஸ்ட்ரோக் (சிலிண்டர் விட்டம், பிஸ்டன் ஓட்டம்), வலது பக்க கியர், இடது காலுக்கு பிரேக். அதுதான் திருவொற்றியூர் ஃபேக்டரி புல்லட்.

ஒத்தசிலிண்டர்
அண்ணே, நிஜமான ஆபத்தே அந்த வலது கியர்தான், அதை யாரும் பேசல. ஒண்ணாவது மேல, மத்த மூணும் கீழ. வாழ்நாள் பூரா இடது கியர் ஓட்டினவர் அவசரத்துல வலது காலை அமுக்குவார். பிரேக் பிடிக்காது, அடுத்த கியர் விழும். வாங்கினவுடனே ரோட்டுக்கு எடுக்காம, காலியான மைதானத்துல 20 கிலோமீட்டர் வேகத்துல நிறுத்தி நிறுத்திப் பழகணும், இடது கால் தானா பிரேக்குக்குப் போற வரைக்கும்.

நெடுஞ்சாலை
இதைத்தான் நான் முதல்லயே சொன்னேன்!

வலதுகியர்
நீங்க சொன்னது கிக்கர். கியரைப் பத்தி ஒரு வரி சொல்லல. இப்ப வந்து ஒட்டிக்காதீங்க.

பாயின்ட்செட்
வாங்கற ஆளுக்கு உதவற மாதிரி ஒண்ணு சொல்றேன். இந்த இன்ஜின்ல ஆயில் டேங்க் கிராங்க் கேஸ்லயே தனி அறையா இருக்கு. வண்டி பல நாள் நின்னா ஆயில் அடியில இறங்கிடும், ஸ்டிக்ல குறைவாக் காட்டும். அதை நம்பி ஊத்தினா ஆயில் அதிகமாகி பிரீதர் (இன்ஜின் காத்து வெளியேறற குழாய்) வழியா வெளிய தள்ளும். அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு அப்புறம் அளங்க. ஸ்டார்ட் பண்ணதும் வர்ற நீலப் புகையைப் பார்த்து பிஸ்டன் ரிங் போச்சுன்னு சொல்லி விலை குறைக்கற புரோக்கர் உண்டு. ஓடி சூடானதும் புகை நின்னுடுச்சுன்னா அது அடியில தங்கின ஆயில். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, குளிர்ந்த இன்ஜின்ல, ரெண்டு வால்வும் மூடியிருக்கும்போது டேப்பெட் கவரைத் திறந்து, வால்வை இயக்கற புஷ்ராடை விரலால சுத்துங்க. சுலபமா சுத்தணும், மேலயும் கீழயும் ஆடக்கூடாது.

நெடுஞ்சாலை
பேப்பர்? 15 வருஷத்துக்கு அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்சி புதுப்பிக்க ஃபார்ம் 25. 20 வருஷம் தாண்டின பைக்குக்கு 2025 ஆகஸ்ட்ல இருந்து கட்டணம் 2,000. லைசென்ஸும் 55-க்கு மேல புதுப்பிச்சா 5 வருஷம்தான், ஃபார்ம் 1ஏ மருத்துவச் சான்றோட. அலைஞ்சே கால் போயிடும்.

வலதுகியர்
லைசென்ஸ் விதி புது வண்டி எடுக்கறவருக்கும் அதேதான். அதைப் பழசு தலையில கட்டாதீங்க. சேஸ் நம்பரைப் பென்சில்ல தேய்ச்சு எடுத்து ஆர்சியோட ஒப்பிட்டு, பேர் மாத்தற 29, 30 ரெண்டு ஃபார்ம்லயும் கையெழுத்து வாங்கினதுக்கு அப்புறம் பணம் குடுத்தா ஒரு அலைச்சலும் இல்ல.

நெடுஞ்சாலை
சரி, அதெல்லாம் இருக்கட்டும். முள் நடுவுக்கு வந்தா பிஸ்டன் மேல வந்தாச்சு. 0.8 மில்லிமீட்டருக்கு ஒரு அங்குலமாம்!

வலதுகியர்
0.8 மில்லிமீட்டர் பிஸ்டன் நகர்றது. ஒரு அங்குலம் கிக்கர் முனை நகர்றது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பறவர்தான் நேத்து ஊருக்கே வைத்தியம் சொன்னார். மறுபடியும் எழுதறேன்: முள் நடு, லீவர், ஒரு அங்குலம், கிக்கர் மேல, மிதி.

நெடுஞ்சாலை
முள் நடு, மிதி. அவ்வளவுதான்.

பாயின்ட்செட்
எந்த வருஷ வண்டின்னு இன்னும் ஒருத்தரும் சொல்லல.